3, 7, 11, 15, 19: ஒரு பழைய சிபி ரேடியோ சொன்ன கணக்கு

போன மாதம் என் மேஜைக்கு வந்த சிபி ரேடியோவில் மொத்தம் 23 சேனல். அதில் பதினெட்டில் பேச முடிந்தது, ஐந்தில் முடியவில்லை. கேட்பதில் எந்தக் குறையும் இல்லை, எல்லாச் சேனலிலும் இரைச்சலும் குரலும் ஒழுங்காக வந்தன. மைக் பொத்தானை அழுத்தும்போது மட்டும் அந்த ஐந்து சேனலில் வாட் மீட்டர் முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கொண்டுவந்த நண்பர், "ஃபைனல் டிரான்சிஸ்டர் போயிருக்கும்னு சொல்றாங்க, அதை மாத்திட்டா சரியாயிடும்ல?" என்று கேட்டார். ஆன்டெனாவுக்குச் சக்தியைத் தள்ளும் கடைசி டிரான்சிஸ்டரைத்தான் ஃபைனல் என்பார்கள். அது போயிருந்தால் மற்ற பதினெட்டில் எப்படிப் பேசும்? எந்தெந்த சேனல் வேலை செய்யவில்லை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். 3, 7, 11, 15, 19. நான்கு நான்காகத் தாவுகிறது. மூடியின் திருகைக் கழற்றும் முன்பே பழுது எந்த மூலையில் இருக்கிறது என்று பாதி தெரிந்துவிட்டது.

பழைய சிபி ரேடியோக்கள் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததற்கே இதுதான் காரணம். என்ன கோளாறு என்பதை அவை தாமே சொல்லிவிடும், நாம்தான் அவசரப்படாமல் கேட்க வேண்டும்.

இந்த உலகத்துக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) என்பது அமெரிக்காவில் சாதாரண மக்கள் பேசுவதற்கென்று ஒதுக்கப்பட்ட அலைவரிசை. தொடக்கத்தில் அது 460 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருந்தது, அந்தக் காலத்துப் பாகங்களை வைத்து அந்த உயரத்தில் மலிவாக ரேடியோ செய்வது பெரும் பாடு. 1958இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் சாமானியர் கைக்கு எட்டும் பெட்டிகள் வந்தன. 1973இன் எண்ணெய் நெருக்கடி, அதைத் தொடர்ந்து வந்த மணிக்கு 55 மைல் வேகக் கட்டுப்பாடு, இவை இரண்டும் சேர்ந்து லாரி ஓட்டுநர்களை இந்த ரேடியோ பக்கம் தள்ளின. எந்த பங்க்கில் டீசல் கிடைக்கிறது, எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், அவர்களைப் பார்த்து ஊரே வாங்கியது. கூட்டம் தாங்காமல் 1977 ஜனவரி 1 முதல் சேனல்கள் 23இலிருந்து 40 ஆகின. ஆகவே உங்கள் கையில் இருக்கும் பெட்டியில் 23 சேனல்தான் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் அந்தத் தேதிக்கு முந்தைய வடிவமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது வயதைத் தொட்ட, தாண்டிய பெட்டி. அந்த வயதுக்குரிய மரியாதையோடுதான் அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.

நண்பரின் ரேடியோவில் பழுது எங்கே என்று ஊகம் இருந்தாலும் நேராக அங்கே போகவில்லை. எந்தப் பெட்டி வந்தாலும் என்னிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் பின்பக்க வயரைப் பார்ப்பேன். ஃபியூஸ் சரியான அளவில் இருக்கிறதா, இல்லை யாராவது வெள்ளித் தாளைச் சுற்றி வைத்திருக்கிறார்களா? சிரிக்க வேண்டாம், நிறைய முறை பார்த்திருக்கிறேன். இந்த ரேடியோக்களில் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் காப்பாற்றுவதற்கென்று மின் இணைப்பின் குறுக்கே ஒரு டையோடு இருக்கும். தப்பாக இணைத்தவுடன் அது முழுக் கரன்டையும் தன் மேல் வாங்கிக்கொண்டு ஃபியூஸை எரித்துவிடும், பல நேரம் அதுவும் உள்ளே ஷார்ட் ஆகிவிடும். அப்புறம் எத்தனை ஃபியூஸ் போட்டாலும் போட்டவுடன் போகும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து பெரிய ஃபியூஸோ வெள்ளித் தாளோ வைத்தால் போர்டில் இருக்கும் செம்புக் கோடு எரிந்து தூக்கிக்கொண்டு நிற்கும். உரிய நேரத்தில் அந்த ஒரு டையோடை மட்டும் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். "செத்துப்போன ரேடியோ" என்று தூக்கிப் போடப்படும் பெட்டிகளில் இந்தப் பழுதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அதற்குப் பிறகும் நேராகக் கார் பேட்டரியில் மாட்ட மாட்டேன். பேட்டரி எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடும், உள்ளே ஷார்ட் இருந்தால் புகை வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். கரன்டை மட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளையில் 13.8 வோல்ட் வைத்து, அரை ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டிவிட்டு, அப்புறம்தான் சுவிட்சைப் போடுவேன். கேட்கும் நிலையில் இந்தப் பெட்டிகளுக்கு அதற்கும் குறைவாகவே போதும். ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டு, கை வைத்து எது சூடாகிறது என்று பார்க்க வேண்டியதுதான்.

வால்வ் போட்ட பழைய பெட்டி என்றால் கதை வேறு. அதற்குள் இருநூறு முந்நூறு வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் விரலை உள்ளே விட வேண்டும். இந்த வேலைக்குப் புதியவர்கள் டிரான்சிஸ்டர் பெட்டியில் தொடங்குவதுதான் நல்லது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மைக் இல்லாமல் கிடைக்கும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல பழைய மாடல்களில் ஸ்பீக்கருக்குப் போகும் பாதை மைக்கில் இருக்கும் சுவிட்ச் வழியாகத்தான் போய் வருகிறது. மைக்கைச் செருகாவிட்டால் ரேடியோ ஊமையாக இருக்கும். விளக்கு எரிகிறது, சத்தமே வரவில்லை என்று விலையைக் குறைத்து விற்பவர்கள் உண்டு, அதை வாங்கிவந்து ஐசியை மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. சர்க்யூட் படத்தைப் பார்த்து அந்த மாடலுக்குரிய இரண்டு பின்னை இணைத்தால் போதும், பேச ஆரம்பித்துவிடும். பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே படம் இல்லாமல் குத்துமதிப்பாக இணைக்காதீர்கள். மைக் இருந்தால், அதன் சுருள் வயர் பிளக்குக்குள் நுழையும் இடத்தில் லேசாக ஆட்டிப் பாருங்கள். பேச்சு விட்டு விட்டுப் போனால் அங்கேதான் உள்ளே அறுந்திருக்கும்.

சரி, நம்ம பெட்டிக்கு வருவோம். ஃபியூஸ் சரி, டையோடு சரி, மைக் சரி. ஆன்டெனா சாக்கெட்டில் 50 ஓம் டம்மி லோடை மாட்டினேன், ஆன்டெனாவுக்குப் பதிலாக நின்று சக்தியை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர் அது. சோதிக்கிறேன் என்று வெறும் சாக்கெட்டோடு பொத்தானை அழுத்துவது, ஃபைனல் டிரான்சிஸ்டரை நம் கையாலேயே கொல்வதற்குச் சமம். போக இடமில்லாத சக்தி திரும்பி வந்து அதன் மேலேயே விழும். அந்தக் கால மெக்கானிக்குகள் டம்மி லோடுக்குப் பதிலாகச் சின்ன பைலட் பல்பு ஒன்றை சாக்கெட்டில் மாட்டிப் பார்ப்பார்கள், பேசப் பேச பல்பு கூடுதலாகப் பளிச்சிடும். பார்க்க அழகாக இருக்கும், உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் உதவும், ஆனால் சூடேறச் சூடேற பல்பின் ஓம் மாறிக்கொண்டே போவதால் அதை வைத்து வாட் அளக்க முடியாது.

பவர் சப்ளையின் வரம்பை இரண்டு ஆம்பியருக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு சேனலாக அழுத்தினேன். நல்ல சேனல்களில் கரன்ட் ஒரு ஆம்பியரைத் தாண்டியது. அந்த ஐந்தில் ஏறவே இல்லை. இது முக்கியமான சாட்சி. ஃபைனல் டிரான்சிஸ்டர் தன்னிடம் சிக்னல் வந்தால்தான் கரன்ட் இழுக்கும். இழுக்கவில்லை என்றால் அதற்கு முன்னாலேயே எங்கோ சிக்னல் பிறக்கவில்லை என்று பொருள்.

எங்கே பிறக்கவில்லை? இங்கேதான் அந்தக் காலத்து இன்ஜினியர்களின் கெட்டிக்காரத்தனம் வருகிறது. கிரிஸ்டல் என்பது ஒரே பிரீக்வென்சியில் துடிக்கும் சிறு குவார்ட்ஸ் துண்டு. 23 சேனலுக்கும் அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என்று கிரிஸ்டல் வைத்தால் 46 வேண்டும். விலை தாங்காது. அதனால் மொத்தம் 14 கிரிஸ்டலை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தே எல்லாச் சேனலையும் உண்டாக்கினார்கள். பரவலாக இருந்த ஒரு முறையில் முதல் கூட்டத்தில் ஆறு கிரிஸ்டல், 37.600 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 0.050 வீதம் ஏறி 37.850 வரை. அனுப்புவதற்கு நான்கு: 10.635, 10.625, 10.615, 10.595. கேட்பதற்கு நான்கு: 10.180, 10.170, 10.160, 10.140. சேனல் 1 வேண்டுமா? 37.600இலிருந்து 10.635ஐக் கழியுங்கள், 26.965 வரும். அதுதான் சேனல் 1. அதே 37.600இலிருந்து அடுத்தடுத்து 10.625, 10.615, 10.595 ஆகியவற்றைக் கழித்தால் 2, 3, 4. அப்புறம் 37.650க்குப் போனால் 5 முதல் 8. இப்படியே நான்கு நான்காக ஏறும். அனுப்பும் கிரிஸ்டலுக்கும் கேட்கும் கிரிஸ்டலுக்கும் நடுவே எப்போதும் 0.455 வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். ரேடியோவின் உள்ளே கடைசியாக வடிகட்டும் 455 கிலோஹெர்ட்ஸ் அதுதான்.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் பழுது தானாகக் கையில் வந்து விழும். 37 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று போனால் அடுத்தடுத்த நான்கு சேனல் சேர்ந்து போகும், அதுவும் பேசுவது, கேட்பது இரண்டும் போகும். அனுப்பும் கிரிஸ்டல் ஒன்று போனால் நான்குக்கு ஒன்றாகப் பேச்சு மட்டும் போகும். 3, 7, 11, 15, 19 இவை ஐந்துக்கும் பொதுவானது 10.615. சில பெட்டிகளில் 22க்கும் 23க்கும் நடுவே சுவிட்சில் ஒரு வெற்று இடம் இருக்கும். 37.850இலிருந்து 10.615ஐக் கழித்தால் வரும் 27.235 அன்றைக்கு சிபி சேனல் கிடையாது, 1977க்குப் பிறகு அதுவே சேனல் 24 ஆனது. அதனால்தான் என் காகிதத்தில் ஆறாவது எண் இல்லை, பட்டியல் 19ஓடு நின்றது.

மூடியைக் கழற்றி 10.615 என்று எழுதியிருந்த கிரிஸ்டலைத் தேடினேன். தகர டப்பா போல வரிசையாக நிற்பதில் மூன்றாவது. 19ஆம் சேனலில் வைத்து மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த பிளாஸ்டிக் குச்சியால் அதன் தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தேன். வாட் மீட்டர் முள் சட்டென்று மூன்றரைக்கு ஏறி நின்றது. குச்சியை எடுத்தால் விழுந்தது. வைத்தால் ஏறியது. போர்டைத் திருப்பி பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அந்தக் கிரிஸ்டலின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் கண்மை தீட்டினது போல மெல்லிய கறுப்பு வளையம், ஈயம் வெடித்திருந்தது. கிரிஸ்டல் உருவத்துக்கு கனமானது, இரண்டே காலில் நிற்பது, வண்டியில் வருடக்கணக்காக ஆடிக்கொண்டே போயிருக்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ஈயம் வைத்தேன். மற்ற பதின்மூன்றுக்கும் அதே வேலையைச் செய்துவிட்டேன், அவையும் அதே வண்டியில்தானே ஆடின. ஃபைனல் டிரான்சிஸ்டரை மாற்றியிருந்தால் நல்ல பாகம் ஒன்று குப்பைக்குப் போயிருக்கும், பழுது அப்படியே இருந்திருக்கும்.

40 சேனல் பெட்டிகளில் இந்தக் கிரிஸ்டல் கூட்டம் கிடையாது. அங்கே சேனல்களின் பிரீக்வென்சியைத் தானே உண்டாக்கிப் பிடித்துவைக்கும் பிஎல்எல் சிப் வந்துவிட்டது, பிஎல்எல்02ஏ என்ற சிப்பை அந்தக் காலத்துப் பெட்டிகளில் நிறையப் பார்க்கலாம். அதில் 10.240 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றை 1024ஆல் வகுத்து 10 கிலோஹெர்ட்ஸ் படி உண்டாக்குகிறார்கள். அது நின்றால் எல்லாச் சேனலும் ஒரேயடியாக நிற்கும். சேனல்களில் பாதி மட்டும் தாறுமாறாகப் போனால் சுவிட்சிலிருந்து சிப்புக்குப் போகும் கோடுகளில் ஒன்று அறுந்திருக்கலாம். அங்கேயும் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்ற பட்டியல்தான் முதல் கருவி.

கெபாசிட்டர் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. பெட்டி வந்தவுடன் எலக்ட்ரோலிட்டிக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிது போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வருடத்தில் அவை உலர்ந்துபோயிருக்கும் என்பது உண்மைதான், நானும் மாற்றுகிறேன். ஆனால் ஒரே மூச்சில் நாற்பதையும் மாற்றிவிட்டு, கடைசியில் ரேடியோ முன்பைவிட மோசமாக இருந்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் பவர் வடிகட்டியில் இருப்பவை, அப்புறம் ஆடியோ பகுதியில் இருப்பவை என்று இரண்டு மூன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்த்துவிட்டே அடுத்ததுக்குப் போவேன். போர்டில் அச்சடித்திருக்கும் பிளஸ் குறியை மட்டும் நம்பாமல், கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் மிகவும் உதவும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும், காயில்களின் உள்ளே இருக்கும் ஃபெரைட் திருகைக் காரணமில்லாமல் தொடாதீர்கள். முன்பு ஒருமுறை இரும்பு ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகி ஒன்றை உடைத்திருக்கிறேன். பாதி திருகு உள்ளேயே மாட்டிக்கொண்டது, அந்த அளவு காயில் கிடைக்காமல் அந்தப் பெட்டி இன்றுவரை முழுமையாகச் சரியாகவில்லை. அன்றிலிருந்து பிளாஸ்டிக் கருவி மட்டும்தான், அதுவும் மேலே இருக்கும் மெழுகை மெதுவாக இளக்கிய பிறகு. திருகு தானாகச் சுற்றிக்கொண்டு இடம் மாறுவதில்லை. மெழுகு கலையாமல் இருக்கும் காயிலைத் திருகி யாரும் எந்தப் பழுதையும் சரிசெய்ததை நான் பார்த்ததில்லை. மெழுகு கலைந்திருந்தால், நமக்கு முன்னால் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு காயில்களைக் கருவி வைத்து அளந்து முறையாகச் சரிப்படுத்தும் அலைன்மென்ட் செய்ய வேண்டியதுதான்.

ஈயம் ஆறிய பிறகு சோதனை. எனக்கு இது ரிப்பேரைவிடப் பிடித்த பகுதி. முதலில் பிரீக்வென்சி. டம்மி லோடு பக்கத்தில் சிறு வளையமாக ஒரு வயரை வைத்து கவுன்டரில் எடுத்தேன், பேசாமல், குரல் ஏறாத வெறும் அலையான கேரியரை மட்டும். 19ஆம் சேனலுக்கு 27.185 வர வேண்டும், 27.1846 காட்டியது. 400 ஹெர்ட்ஸ் குறைவு. விதி அனுமதிக்கும் பிழை 0.005 சதவீதம், அந்த இடத்தில் அது சுமார் 1,360 ஹெர்ட்ஸ், ஆகவே தாராளமாக உள்ளே இருக்கிறது. 23 சேனலையும் இப்படி அளந்து எழுதிப் பார்த்தேன், ஏனென்றால் இங்கேயும் அதே கணக்கு உதவும்: அடுத்தடுத்த நான்கு சேனல் ஒரே அளவு விலகியிருந்தால் 37 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், நான்குக்கு ஒன்று விலகியிருந்தால் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்.

அடுத்து மாடுலேஷன், அதாவது கேரியர் மேல் குரல் எவ்வளவு ஏறுகிறது என்பது. வாட் மீட்டர் மட்டும் பார்த்தால் இது தெரியாது, ஆசிலாஸ்கோப் வேண்டும். அனுமதிக்கப்பட்ட 4 வாட் கேரியர் 50 ஓமில் உச்சிக்கு உச்சி 40 வோல்ட் காட்டும். முழு மாடுலேஷனில் அது 80 வோல்ட்டாக விரியும், குறுகும் இடத்தில் பூஜ்யத்தைத் தொட வேண்டும், ஆனால் அங்கே தட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நம்ம பெட்டி மைக்கில் ஓங்கிப் பேசினாலும் 70ஐத் தாண்டவில்லை, அதுவே நல்லது. சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று மாடுலேஷனைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரை வெட்டி எடுத்துவிட்ட பெட்டிகள் நிறைய வருகின்றன. அவற்றில் பேசினால் குரல் கரகரப்பாகி பக்கத்துச் சேனல்களில் எல்லாம் சிதறும், அங்கே பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இடைஞ்சல். வெட்டிய பாகத்தைத் திரும்ப வைப்பதையும் நான் ரிப்பேராகத்தான் எண்ணுகிறேன்.

கேட்கும் பக்கத்துக்கு சிக்னல் ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி, 30 சதவீத மாடுலேஷன், ஒரு மைக்ரோவோல்ட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே போனேன். நல்ல நிலையில் இருக்கும் பெட்டி அரை மைக்ரோவோல்ட் பக்கம் வரை இரைச்சலுக்கு மேலே அந்த ஒலியைத் தூக்கிக் காட்டும். இதுவும் காட்டியது. வால்யூமும், யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச்சும் திருப்பும்போது கரகரத்தன, கான்டாக்ட் கிளீனர் இரண்டு துளி விட்டு முப்பது முறை திருப்பினேன், அடங்கிவிட்டது.

முகப்பின் ஓரத்தில் முந்தைய சொந்தக்காரர் தன் அழைப்புக் குறியை எழுத்து பொறித்த பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டியிருந்தார். அமெரிக்காவில் 1983 வரை சிபிக்குத் தனி உரிமம் வாங்க வேண்டியிருந்தது, அப்போது கொடுத்த குறி அது. ஓரம் சுருண்டு கொஞ்சம் தூக்கியிருந்தது. முகப்பைத் துடைக்கும்போது அதைத் தொடாமல் துடைத்தேன், தூக்கிய ஓரத்துக்குக் கீழே ஒரு பொட்டு பசை வைத்து அழுத்திவிட்டேன். அது அந்த ரேடியோவோடு இருக்க வேண்டியது.

ஈய வெடிப்பு சூட்டில் சேர்ந்து குளிரில் விலகும். அதனால் மாலையில் சரியாகிவிட்டது என்று உடனே மூடிவிடாமல் இரவு முழுக்க அணைத்துத் திறந்தே வைத்தேன். காலையில் மேஜை சில்லென்று இருந்தபோதே சுவிட்சைப் போட்டு 19இல் பொத்தானை அழுத்தினேன். மூன்றரை வாட். அப்புறம் 15, 11, 7, 3. குச்சியால் ஒவ்வொரு கிரிஸ்டலையும் தட்டிப் பார்த்தேன், முள் அசையவில்லை. மூடியை வைத்து நான்கு திருகையும் போட்டுவிட்டு நண்பருக்கு போன் செய்தேன்.